குருநகரில் பன்னிரண்டு நிமிடம்

"இது சோறு அவிக்கிறதா என்று கேட்கிறார்" என்றார் விமான நிலையச் சுங்கத்தில் பக்கத்தில் நின்ற தமிழ் அதிகாரி. சிங்களத்தில் கேட்டவர் அதற்குள் என் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை நிறம், வட்ட மூடி, முன்பக்கம் இரண்டு பொத்தான். அவர்மேல் தப்பில்லை. கோவையில் என் மனைவியே இதை முதல்முறை பார்த்தபோது ஒரு ஈடுக்கு எத்தனை இட்லி வேகும் என்றுதான் கேட்டாள்.

"ரத்தத்தைச் சுத்துற மெஷினுங்க" என்றேன். மொழிபெயர்ப்பு போனது. இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். என்னை வரச் சொல்லியிருந்த பல் டாக்டரின் கடிதத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் அவர்கள் முகம் தெளிந்தது. சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார் முதலாமவர். "தன் கடைவாய்ப் பல்லையும் பார்க்க முடியுமா என்கிறார்" என்று தமிழில் வந்தது.

நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு, இந்த மெஷினைச் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய், அதை வைத்துக் கொடுத்து, ஓட்டவும் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறேன். எனக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்ப்பது. இன்னொன்று காபி. யாழ்ப்பாணத்தில் இரண்டுக்கும் சோதனை காத்திருந்தது.

என்னை அழைத்திருந்தவர் டாக்டர் கஸ்தூரி. குருநகரில் கடற்கரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பல் கிளினிக் வைத்திருக்கிறார். வீடு இணுவிலில். எனக்கும் அங்கேதான் முன்னறையில் தங்கல். போய் இறங்கியதும் அவருடைய அம்மா "கோப்பி" என்று ஒரு கோப்பையை நீட்டினார். ஆசையாக வாங்கி ஒரு வாய் குடித்தேன். மல்லி, சுக்கு, மிளகு எல்லாம் போட்டு இடித்த தூள். எங்கள் ஊரில் ஜுரம் வந்தவனுக்குக் கொடுப்போம். ஆனால் இரண்டாவது வாய்க்கு நாக்கு பழகிவிட்டது, மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கினேன்.

போய் இறங்கிய அன்றே மதியம் கிளினிக்கில் மெஷினை மேசைமேல் வைத்து ஒயரை நீட்டினால், சுவரில் சதுரத் துளைகள். என் பிளக்குக்கோ உருண்டைக் கால்கள். ஆட்டோ பிடித்துக் கடைகடையாக ஏறி இறங்கினோம். ஆட்டோக்காரர் பெயர் சிவம். மூன்றாவது கடையில் பொறுமை போய் அவரே உள்ளே வந்து பேசினார்.

"இந்தியாப் பிளக்குக்கு ஒரு மாத்து வேணும். இவை ரத்தம் சுத்தப் போகினம்."

கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டு, பிறகு ஒரு வார்த்தையும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்துத் தந்தார்.

திரும்பி வந்தபோது கிளினிக் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. வெயிலில் கறுத்து இறுகிய உடம்பு. "இவர்தான் சேர், நான் போனிலை சொன்ன அன்ரன் அண்ணை. இவ ஜெயசீலி அக்கா" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "நான் பிடுங்கின பல்லுத்தான்" என்றார்.

மேல் வரிசைக் கடைவாய்ப் பல். வேர் நீளமாக மேலே போய், கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பல் வரும்போது அந்த அறையின் தரையில் ஒரு துண்டையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. எந்த டாக்டருக்கும் நடக்கக்கூடியதுதான். இப்போது வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு ஓட்டை. சின்ன ஓட்டையென்றால் தானாக மூடிவிடும். இது பத்து நாளாகியும் மூடவில்லை. மெஷின் வேண்டும் என்று டாக்டர் எழுதி நாலு மாதம் ஆகிறது, ஆனால் அவசரம் வந்தது இவரால்தான்.

நர்ஸ் மெற்றில்டா எல்லாருக்கும் பால் இல்லாத தேநீர் கொண்டுவந்தார். கூடவே ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டி, எங்கள் கருப்பட்டிதான். அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். அன்ரன் மட்டும் எடுக்கவில்லை.

"குடிச்சுக் காட்டுங்கோவன். ஐயாவும் பாக்கட்டும்" என்றார் ஜெயசீலி.

அவர் கோப்பையை எடுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். வலது மூக்கிலிருந்து தேநீர் ஒழுகி மேலுதட்டுக்கு வந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"சோறு தண்ணி ஒரு பக்கம் கிடக்கட்டும் ஐயா" என்றார், இன்னும் சுவரைப் பார்த்தபடி. "நான் சங்கு குளிக்கிறவன். கீழை இறங்கினால் வாயாலைதான் மூச்சு. காத்துக் குழாயை வாயிலை கடிச்சுக்கொண்டுதான் போறது. வாய்க்கும் மூக்குக்கும் ஒரே வாசலெண்டால் நான் என்னெண்டு இறங்கிறது? வள்ளத்திலை நாங்கள் மூண்டு பேர். என்ரை இடத்துக்கு இப்பவே ஒருத்தன் வந்து கேட்டிட்டுப் போறான்."

டாக்டர் விளக்கினார். இந்த மெஷின் சிகிச்சை சரிவந்தால் மூன்று மாதம் வள்ளத்தில் மேலே இருந்து கயிறு பிடிக்கலாம், பிறகு மெல்ல இறங்கலாம். சரிவராவிட்டால் பெரியாஸ்பத்திரியில் கன்னத்துச் சதையை வெட்டி இழுத்துத் தைக்க வேண்டும். அதற்குப் பிறகு கடலுக்குள் இறங்குவதைப் பற்றி அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் பயிற்சி. யார் ரத்தத்தை எடுத்துக் காட்டுவது என்ற கேள்வி எழுமுன் நானே சட்டைக் கையை மடித்துவிட்டேன். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். இந்த ஒரு கைக்குள் ஆறேழு ஊர் நர்சுகளின் ஊசி ஏறியிருக்கிறது. மெற்றில்டாவுக்கு நல்ல கை, எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

பத்து குழாய் உள்ள பெட்டி ஒன்று கொண்டு போயிருந்தேன். இரண்டை எடுத்து என் ரத்தத்தை நிரப்பி, எதிரெதிரே வைத்து, பொத்தானை அழுத்தினோம். பன்னிரண்டு நிமிடம். மெஷின் நின்றதும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் சிவப்பு, மேலே தெளிந்த நீர், நடுவில் தேன் நிறத்தில் ஒரு கட்டி. டாக்டர் அதை இடுக்கியால் மெல்ல இழுத்து, தட்டில் வைத்து அமுக்கினார். பாலாடை மாதிரி ஒரு மெல்லிய தோல் வந்தது.

"உது உங்கடை ரத்தமோ சேர்? இவ்வளவு வடிவாய் இருக்கு" என்றார் மெற்றில்டா. வடிவு என்றால் அங்கே அழகு. ஐம்பத்தெட்டு வயதில் என்னை யாரும் வடிவு என்று சொன்னதில்லை. மனைவியிடம் போனில் சொன்னேன். உங்களையா, ரத்தத்தையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

விஷயம் மந்திரமில்லை. புண் ஆறுவதற்கென்றே நம் ரத்தத்தில் சின்னச் சின்ன தட்டணுக்கள் இருக்கின்றன. சுற்றும்போது அவை அந்த மஞ்சள் கட்டிக்குள் வந்து சேர்ந்துகொள்கின்றன. அதைப் புண்ணில் வைத்துத் தைத்தால், கொஞ்ச நாளைக்கு ஓட்டையை அடைத்துக்கொண்டும் இருக்கும், ஆறவும் தூண்டிவிடும். எல்லாருக்கும் ஒரேபோலக் கேட்கும் என்று நான் எங்கேயும் சொல்வதில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு பொருளும் சேர்க்காமல் அவரவர் ரத்தமே அவரவருக்கு.

ஒரே ஒரு கண்டிப்பு. குழாயில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எதுவும் கிடையாது. அதனால் ஊசியை உருவிய நிமிடத்திலிருந்து ரத்தம் தானாக உறையத் தொடங்கிவிடும். அதற்கு முன் மெஷின் ஓட வேண்டும். "ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ஒண்ணரை. இடையில போன் வந்தாலும் எடுக்கக்கூடாதுங்க" என்று ஐந்து தடவை சொன்னேன். மெற்றில்டா ஐந்து தடவையும் தலையாட்டினார். நாளைக்கு வரும் குடும்பத்துக்கும் காலையில் இதை நானே சொல்லிவிடுகிறேன் என்று டாக்டரிடம் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

மதியம் மெற்றில்டா வீட்டிலிருந்து கூழ் வந்தது. ரத்தம் கொடுத்தவனுக்குக் கூழ் நல்லது என்றார்கள். எங்கள் பக்கம் கூழ் என்றால் கம்பங்கூழ், மோர், சின்ன வெங்காயம். இங்கே மூடியைத் திறந்தால் ஒரு நண்டுக் கால் என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. இறால், மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவு, உறைப்பு என்று எல்லாம் ஒரே சட்டியில். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் விடவா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் அன்ரனுக்குச் சிகிச்சை. டாக்டர் விடியவே கிளம்பிப் போய்விட்டார். ஊர் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன் என்று நான்தான் வீம்பாகச் சொல்லியிருந்தேன். இணுவிலில் ஒரு மினிபஸ் வந்து நின்றது.

"டவுனுக்குப் போகுங்களா?"

"ஓம் ஓம், ஏறுங்கோ அண்ணை" என்றார் கண்டக்டர்.

பஸ் எதிர்த்திசையில் புறப்பட்டது. கேட்டதற்கு, "டவுனுக்குத்தான். அளவெட்டிக்குப் போய்த் திரும்பி வரேக்கை" என்றார், நான் என்னவோ குதர்க்கம் பேசுவது மாதிரி. அளவெட்டியில் டிரைவர் இறங்கித் தேநீர் குடிக்கப் போனார். எந்த வீட்டிலிருந்தோ நாதஸ்வரம் கேட்டது. யாரோ ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஊதிப் பழகிக்கொண்டிருந்தார். வேறொரு நாளென்றால் இறங்கி நின்று கேட்டிருப்பேன். அன்று கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்குக்குள் வியர்க்க விறுவிறுக்க நுழைந்தபோது அன்ரன் ஏற்கெனவே சாய்நாற்காலியில் இருந்தார். வாய் மரத்துப்போயிருந்தது. ஓட்டையின் ஓரத்தைச் சுரண்டித் தயார் செய்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார் டாக்டர். திறந்திருந்த கதவுக்கு வெளியே ஜெயசீலி, அன்ரனின் அண்ணன், வள்ளத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர். அவர்களிடம் பேச நேரமில்லை. கையைக் கழுவிக்கொண்டு மெஷின் பக்கத்தில் போய் நின்றேன்.

மெற்றில்டா நாலு குழாய் ரத்தம் எடுத்தார். ஊசியை உருவினார். குழாய்களைத் தாங்கியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் வாசலில் ஜெயசீலி முழந்தாளிட்டார். "ஒரு பத்துச் சொல்லிப்போட்டுத் துடங்குவம்."

பத்து என்றால் செபமாலையில் பத்து மணி. குருநகரில் வலை போடுவதென்றாலும், பிள்ளை பரீட்சை எழுதப் போவதென்றாலும், அதில்லாமல் எதுவும் தொடங்குவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மெற்றில்டாவும் அந்த ஊர்ப் பெண். குழாய்த் தாங்கியைக் கையில் பிடித்தபடியே நின்ற இடத்தில் தலை குனிந்தார். ஜெயசீலி முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொன்னார்கள்.

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். நெற்றியில் திருநீறோடு நிற்கும் இரண்டு பேர், இன்னொருவர் செபத்துக்குள் எப்படிக் குறுக்கே விழுவது? அவர் பேசுவார் என்று நானும், நான் பேசுவேன் என்று அவரும் நின்றோம். மெற்றில்டாவின் கையிலிருந்து தாங்கியை வாங்கிவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடம். இரண்டு. நாலாவது மணி. ஏழாவது மணி. முப்பது வருடம் மற்றவர்களை விரட்டிய வாய் எனக்கு. அன்றைக்குத் திறக்கவில்லை.

நாலரை நிமிடம். முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு மெற்றில்டா குழாய்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. ஒரு குழாயைச் சாய்த்தேன். ரத்தம் அசையவில்லை. சிவப்பாக, மொத்தமாக, உறைந்து நின்றது. சுற்றிப் பயனில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே அழுகை வரும் போலிருந்தது.

வாசலுக்குப் போனேன். "தப்பு என்னோடதுங்கம்மா" என்றேன். "எடுத்த ரத்தத்தை உடனே சுத்தியிருக்கணும். காலையில உங்ககிட்ட சொல்றேன்னு ஏத்துக்கிட்டு, நேரத்துக்கு வராம விட்டுட்டேன். செபத்துக்கு நடுவுல பேசவும் தைரியம் வரல. இப்ப அந்த ரத்தம் வீணாப் போச்சு."

ஜெயசீலி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அதுக்கேன் பேசாமல் நிண்டனீங்கள் ஐயா? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. மாதா அதுக்கெல்லாம் கோவிக்கமாட்டா. அவவும் ஒரு பிள்ளையை வளத்தவதானே."

உள்ளேயிருந்து அன்ரன் மரத்துப்போன வாயால் ஏதோ சொன்னார். யாருக்கும் விளங்கவில்லை. அவர் மற்றக் கையை நீட்டிக் காட்டினார்.

பெட்டியில் மிச்சம் நாலே நாலு குழாய். இதுவும் போனால் கோவையிலிருந்து வேறு வர வேண்டும். அதுவரை சுரண்டிவைத்த ஓட்டை காத்திருக்காது. "மெஷின் பன்னிரண்டு நிமிஷம் ஓடும்ங்கம்மா" என்றேன். "அது ஓட ஆரம்பிச்ச பிறகு நீங்க எத்தனை பத்து வேணும்னாலும் சொல்லுங்க."

ஊசி ஏறியது. குழாய் நிறைய நிறைய ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. நாலாவதை வைத்து, மூடியைச் சாத்தி, பொத்தானை அழுத்தினேன். மெஷின் இரைந்தது. அதற்குமேல் ஜெயசீலியின் குரல் கேட்டது. கோவிலுக்குப் போனாலே வாசலில் நின்று செருப்பைக் காவல் காக்கிற ஆள் நான். அன்று அந்தக் கூட்டத்தோடு கைகட்டி நின்றேன். மறுபாதி பாதி மனப்பாடமாகிவிட்டது. மூன்று பத்து முடிய இன்னும் இரண்டு மணி இருக்கும்போது மெஷின் நின்றது. இந்த முறை செபம் முடியட்டும் என்று யாரும் காத்து நிற்கவில்லை. ஜெயசீலி சொல்லிக்கொண்டே கையை வீசி "எடுங்கோ, எடுங்கோ" என்று காட்டினார்.

நாலு குழாயிலும் தேன் நிறக் கட்டி. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. டாக்டர் ஒன்றை உருட்டி ஓட்டைக்குள் வைத்தார், மற்றவற்றைத் தோலாக அமுக்கி மேலே பரப்பி, ஈறை இழுத்துத் தைத்தார். முடித்துவிட்டுப் பின்னறைக்குப் போய்த் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பத்தியங்களை மெற்றில்டா ஒவ்வொன்றாகச் சொன்னார். மூக்குச் சிந்தக்கூடாது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக்கூடாது. சிகரெட், சுருட்டு கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முடிந்தால் தும்மவே கூடாது.

நாலாம் நாள் எனக்கு வேலையில்லை. சிவம் தன் ஆட்டோவில் தொண்டைமானாற்றுக்குக் கூட்டிப் போனார், முருகன் கோவிலுக்கு. ஆற்று வாயிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பாரை எதிர்பார்த்த இடத்தில் பருப்பும் பூசணிக்காய்க் கறியும்.

"என்ன நேத்தி அண்ணை?" என்று என் வேண்டுதலைக் கேட்டார் சிவம்.

"ஒரு ஓட்டை அடையணும்."

"வீட்டுக் கூரையோ?"

சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுந்து போய் இன்னொரு முறை கும்பிட்டுவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் குருநகரில் அன்ரன் வீட்டுக்குப் போனோம். இரண்டு தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். கன்னம் கொஞ்சம் வீங்கியிருந்தது. பேசாமல் கையைத் தூக்கி நலம் சொன்னார். ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் அந்தச் சந்தில் ஏதோ குறைவதாக எனக்குப் பட்டது. யாழ்ப்பாணம் வந்ததிலிருந்து எந்த வீட்டைத் தாண்டினாலும் மூக்கில் ஏறும் ஒரு நெடி அங்கே இல்லை. மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூள் இடிக்கும் நெடி.

"நான்தான் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிப்போட்டன்" என்றார் ஜெயசீலி. "இவர் தும்மக்கூடாதெல்லே. தையல் வெட்டுமட்டும் ஒழுங்கையிலை ஒருத்தரும் தூள் வறுக்கினமில்லை. முன்வீட்டிலை தூள் முடிஞ்சுது. அவை கடைத்தூள் வாங்கிக் கறி வைக்கினம். பாவம், வாயிலை வைக்கேலாதாம்."

கடைத்தூளில் கறி வைப்பது அந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நாலு நாளில் எனக்கே தெரிந்திருந்தது. தேநீர் வந்தது. எனக்கும் சிவத்துக்கும் மட்டும். அன்ரன் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியிலேயே அதைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் ஊர் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரங்களில் டாக்டரின் செய்தி வரும்போதெல்லாம் பயந்துகொண்டேதான் திறந்தேன். வீக்கம் வற்றியது என்று ஒன்று. தையல் வெட்டியாயிற்று, இன்னும் பொறுக்க வேண்டும், தும்மல் தடை தொடர்கிறது என்று ஒன்று. பிறகு கொஞ்ச நாள் எதுவுமில்லை. ஆறாவது வாரம் ஒரு மாலை, நான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. அன்ரன் வீட்டு வாசல். நடுவில் அன்ரன், பக்கத்தில் ஜெயசீலி, பின்னால் ஒழுங்கையே கூடி நின்றது. டாக்டரின் குரல் மட்டும் கேட்டது. போனைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

"காலமை பாத்தனான் சேர். முழுக்க மூடீட்டுது. முதல் தேத்தண்ணி உங்களுக்கு முன்னாலைதான் குடிப்பன் எண்டு நிக்கிறார்."

அன்ரன் இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். ஒழுங்கை முழுவதும் அவர் மூக்கையே பார்த்தது. மூக்கு காய்ந்து கிடந்தது. அவர் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"கயிறு பிடிக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறன் ஐயா. வள்ளத்திலை என்ரை இடம் அப்பிடியே கிடக்கு" என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவர் முகத்தைச் சுளித்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டு, வீடு அதிர ஒரு தும்மல் போட்டார். உடனே இன்னொன்று. யாரும் பதறவில்லை. கை தட்டினார்கள்.

"மன்னியுங்கோ ஐயா" என்றார் ஜெயசீலி, தானும் தும்மிக்கொண்டே. "டொக்ரர் ஓமெண்டு சொன்ன உடனை எல்லா வீட்டிலையும் தூள் வறுக்கத் துடங்கீட்டினம்."

எங்கள் தெருவில் அன்று யாரும் மிளகாய் வறுக்கவில்லை. ஆனாலும் என் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. காபி ஆறிப்போகும் என்று மனைவி சொன்னாள்.